கண்ணுக்கு இமை வேண்டும்

மீனுக்கு இமை இல்லை. உறங்கும் வேளையிலும் அதன் கண்கள் திறந்தே இருக்கும். கண்ணயராமல் உயிர்களைக் காப்பவள் என்பதாலேயே மதுரையம்பதித் தாய்க்கு மீனாட்சி என்ற பெயர் வாய்த்தது என்று பெரியவர்கள் விளக்கம் கூறுவார்கள். மனிதனுக்கோ இயற்கை இமையைத் தந்திருக்கிறது. பார்க்க வேண்டியதைப் பார்க்கவும், போதும் என்று தோன்றினால் மூடிக்கொள்ளவும் அவனால் முடியும். அத்தகைய மனிதன் இன்று இமையில்லாத கண்ணொன்றைச் செய்து, அதை நீருக்குள் இறக்கி, மீனின் வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். நீரடிக் காமிரா என்னும் அந்தக் கண்ணைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கனடாவில் குடியேறிய உறவினர் ஒருவர் அங்கிருந்து ஒரு காணொளி அனுப்பியிருந்தார். உறைந்து கிடக்கும் பெரிய ஏரி. அதன்மேல் ஒரு சிறு குடில். குடிலுக்குள் பனிக்கட்டியில் துளைத்த குழி. குழிக்குள் ஒரு தூண்டில். பக்கத்திலேயே இன்னொரு வடம். அந்த வடத்தின் நுனியில் காமிரா. அடியில் வரும் மீன் மேலே உள்ள திரையில் அப்படியே தெரிகிறது! இதை நண்பர்களுக்குக் காட்டியபோது ஒருவன் துள்ளிக் குதித்தான். "ஏலே, இது ஒண்ணு நம்மகிட்ட இருந்தா கசத்துல ஒரு மீனும் தப்பாதுலே!" என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. அவன் சொன்னது வேடிக்கைதான்; ஆனால் நடக்கக் கூடிய வேடிக்கை. அக்கருவி இங்கேயும் விலைக்குக் கிடைக்கிறது.

பனிக்கட்டிக்குக் கீழே

முதலில் அந்த நாட்டு வழக்கத்தைப் புரிந்துகொள்வோம். தண்ணீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வருகிறது. உறைந்து பனிக்கட்டியானால் மிதக்கிறது. ஆகவே ஏரி மேற்புறத்தில் உறைந்தாலும் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். இயற்கையின் இந்த ஒரு விதி இல்லையானால் குளிர்நாட்டு ஏரிகளில் மீன் இனமே மிஞ்சியிராது. அந்த அடித்தண்ணீரில் மீன்கள் உடலியக்கம் தளர்ந்து, குறைவாக உண்டு, குறைவாக அசைந்து பனிக்காலத்தைக் கழிக்கின்றன. மேலே மூடிய பனிக்கட்டி காற்றைத் தடுக்கிறது; அதன்மேல் விழுந்த பனி வெளிச்சத்தைத் தடுக்கிறது. எனவே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் நாள் செல்லச் செல்லக் குறையும். ஆக்சிஜன் எஞ்சியிருக்கும் இடம் தேடி மீன்கள் ஒன்றுகூடும்.

அந்த மீனைப் பிடிக்க மனிதன் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிக் காத்திருந்தான். வட துருவப் பகுதி மக்களுக்கு அது வாழ்வின் தேவை. பின்னர் நகரத்தாருக்கு அதுவே பொழுதுபோக்காயிற்று. கனடாவில் ரொறன்ரோ நகருக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி இதற்குப் பேர் பெற்றது. நம் தமிழர்கள் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவிலிருந்து காரில் சென்று திரும்பும் தூரம்தான்.

காத்திருப்பதே முதலாக இருந்த இத்தொழிலில் முதலில் ஒலியலைக் கருவி நுழைந்தது. பிறகு காமிரா வந்தது. கைக்குள் அடங்கும் காமிரா, நீண்ட வடம், ஒரு திரை, ஒரு மின்கலம், இருட்டில் பார்க்கச் சிறு விளக்குகள், அவ்வளவுதான் கருவி. பனிக்கட்டி மூடிய ஏரியில் காற்று அலைக்கழிப்பதில்லை, பாசியும் குறைவு. ஆதலால் நீர் தெளிந்திருக்கும். காமிராவுக்கு நன்றாகத் தெரியும். கலங்கிய நீரில் இது பயன்படாது.

கருவியின் நன்மை

ஒரு கருவியைக் குறை கூறும் முன் அதன் நிறையைக் கூறுவதே முறை.

ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை, அழுத்தம் குறைவதால் உப்பிவிடுகிறது. சிறு மீனாயிற்றே என்று இரங்கித் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைப்பது அரிது. காமிரா இருந்தால், வருவது என்ன மீன், சிறிதா பெரிதா என்பதை அடியிலேயே கண்டு, வேண்டாத மீன் வரும்போது தூண்டிலை விலக்கிவிடலாம். இது மெய்யான நன்மை.

இன்னொன்றும் உண்டு. தூண்டிலை நோக்கி வரும் மீன்களில் பல, இரையை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகின்றன! தக்கை அசையாவிட்டால் மீனே இல்லை என்று மேலிருப்பவன் நினைத்துக்கொள்வான். உண்மையில் மீன் இருந்தது. அதற்கு விருப்பம் இல்லை. மீனுக்கும் ஒரு தேர்வு உண்டு என்பதை மனிதன் கண்ணால் கண்டு தெளிவது சிறிய கல்வியன்று.

நீரடிக் காமிரா பிறந்ததே கல்விக்காகத்தான். 1893இல் பிரான்சு நாட்டு உயிரியலறிஞர் லூயி பூட்டான், பொறியாளரான தம் சகோதரரின் துணையோடு நீர் புகாத பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் காமிராவை வைத்துக் கடலடியில் படம் எடுத்தார். அவர் தேடியது மீன் கறியையன்று; கடல் உயிர்களின் வாழ்க்கையை. ஆகவே காமிராவின் மேல் எனக்குப் பகை இல்லை. அது யார் கையில், எந்தக் கட்டுக்குள், எதற்காக இறங்குகிறது என்பதே என் கேள்வி.

அங்கே கட்டு உண்டு

சிம்கோ ஏரியில் பனிக்கட்டியின்மேல் அமர்பவர் விருப்பம்போல் மீனை அள்ளிக்கொண்டு போக முடியாது. உரிமச் சீட்டு வேண்டும். ஒருவர் இரண்டு தூண்டிலுக்குமேல் இடக் கூடாது. எந்த மீனில் ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கு உண்டு. குடிலுக்கும் பதிவு எண் உண்டு. பனி உருகும் முன் குறித்த நாளுக்குள் அதை அகற்றிவிட வேண்டும். கண் எவ்வளவு கூர்மையானாலும் கை அளவோடுதான் நீள முடியும்.

அத்தனை கட்டிருந்தும் அந்த ஏரி நோயுற்றது. சுற்றியுள்ள வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் பாஸ்பரஸ் வந்து கலந்தது, பாசி பெருகியது, ஆழ்நீரில் ஆக்சிஜன் குறைந்தது, குளிர்நீர் மீன்கள் தாமாகப் பெருக முடியாமல் தவித்தன. குஞ்சுகளை வளர்த்து ஏரியில் விட வேண்டியதாயிற்று. 2008இல் அந்த ஏரியைக் காக்கவென்றே ஒண்டாரியோ மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. கட்டு இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், கட்டு தளர்ந்த இடத்தில் என்ன ஆகும்?

பனியும் கோடையும்

"விக்கிரமசிங்கபுரத்தில் ஏது பனிக்கட்டி? வெயிலில் வதங்கும் ஊருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் மீனுக்குப் பனிக்காலம் போன்ற ஒரு காலம் இங்கும் உண்டு. அதுதான் கோடை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் நம் தாமிரபரணி வற்றாத நதி என்பது உண்மை. ஆயினும் பங்குனி, சித்திரையில் நீரோட்டம் மெலிந்துவிடும். அப்போது மீன்கள் எங்கே போகும்? பாறைகளுக்கு இடையே ஆழ்ந்து கிடக்கும் கசங்களில் ஒதுங்கும். அணைக்கட்டுகளின் அடியில் தேங்கிய நீரில் கூடும். கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே நிற்கின்றன. நம் வயல்களை வாழவைக்கும் அவை மீனுக்கு மதில்கள். மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் ஒரு கசத்துக்குள் அடைபட்ட கெண்டையும் கெளுத்தியும் விராலும், பனிக்கட்டிக்குக் கீழே அடைபட்ட மீன்களைப் போன்றவைதாம். அடுத்த மழையில் ஆறு முழுதும் பரவிப் பெருக வேண்டிய விதைநெல் அந்தக் கசத்தில்தான் இருக்கிறது.

மேலும், நம் பகுதியில் ஆற்று நீர் தெளிந்து கிடப்பதும் அந்தக் கோடையில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் கலங்கி வரும்போது காமிராவுக்கு எதுவும் தெரியாது. ஆக, மீன் மிகவும் இளைத்து ஒடுங்கியிருக்கும் காலம் எதுவோ, அந்தக் காலத்தில்தான் இந்தக் கண்ணுக்குப் பார்வை நன்றாகத் தெரிகிறது!

தோட்டா வீசியும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்தது. ஆனால் காமிரா வெடிப்பதில்லை, நஞ்சும் கக்குவதில்லை. சத்தமில்லாமல் பார்க்கிறது. எந்தப் பாறை இடுக்கில் எத்தனை மீன் என்று சொல்லிவிடுகிறது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை மீன் பிடிக்கலாம் என்று நம் ஆற்றங்கரையில் எவரும் கேட்டு நான் அறியேன். அங்கே கண்ணும் உண்டு, கட்டும் உண்டு. நாம் கண்ணை மட்டும் இறக்குமதி செய்து கட்டை அங்கேயே விட்டுவிட்டால் கசத்தின் கதி என்ன?

"மீன் பிடித்துப் பிழைப்பவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்று சிலர் வினவலாம். வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் மீனவருக்குக் காமிரா தேவைப்படுவதில்லை. நீரின் நிறத்தையும் குமிழியையும் பார்த்தே அவர் இடம் அறிவார். அடுத்த ஆண்டும் அவருக்கு மீன் வேண்டும். அதனால் கசத்தைத் துடைத்து எடுப்பதில் அவருக்கு இலாபம் இல்லை. காமிராவைத் தேடுபவர் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்காக வருபவர். ஒரு நாள் வேடிக்கைக்காக ஒருவர் பிழைப்பின் முதலை அழிப்பது எந்த நியாயம்?

கடலில் கண்ட பாடம்

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று என்பதற்குக் கடலே சாட்சி. எதிரொலிக் கருவி வந்தது; செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி வந்தது; மீன் கூடும் இடத்தை ஐதராபாத்திலிருந்து கணித்துச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. இவற்றால் எண்ணெய்ச் செலவும் அலைச்சலும் குறைந்தன என்பதை மறுப்பாரில்லை. ஆனால் கண் கூர்மையாகும் தோறும் கட்டும் இறுக வேண்டியிருந்தது. சக்தி வாய்ந்த மின்விளக்குகளால் மீனைக் கவர்ந்து பிடிக்கும் முறையை 2017இல் மத்திய அரசு தடை செய்தது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு முன்பு 45 நாளாக இருந்த ஆண்டுத் தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. அந்த 61 நாளும் கடலின் கண்ணுக்கு நாம் இட்ட இமை. ஆற்றுக் கசத்துக்கு அப்படியோர் இமை எங்கே?

பார்த்த பிறகு கை வைக்காதிருப்பது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. நம் ஆறு கடல் சேரும் மன்னார் வளைகுடாவிலேயே அதற்குச் சான்று உண்டு. தூத்துக்குடி முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. அங்கே நினைத்தபோதெல்லாம் குளிக்க விட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களை முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். மூழ்கிச் சிப்பிகளை எடுத்து, எவ்வளவு இருக்கின்றன, என்ன வயது, முத்து விளைந்திருக்கிறதா என்று கணக்கிடுவார்கள். சிப்பி முற்றி முத்து தரச் சில ஆண்டுகள் ஆகும். இளஞ்சிப்பி என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. 1928க்குப் பிறகு 1955 வரை 27 ஆண்டுகள் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்ததோடு அது நின்றுபோனது. அதன்பின் பார்கள் பழைய வளத்துக்குத் திரும்பவில்லை. இத்தனை கவனத்துக்குப் பிறகும் முத்துப் பார் மெலிந்தது என்றால், கவனமே இல்லாத இடத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

முத்துப் பாரில் இறங்கியதும் நீருக்குள் சென்ற கண்தான். ஆனால் அது எடுப்பதற்கு முன் எண்ணியது. எண்ணிக்கை போதாதபோது 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

நோக்கும் நோக்கம்

நம் ஊருக்கே உரிய ஒரு சிந்தனையையும் இங்குக் கூற விரும்புகிறேன். சிவஞான போதத்துக்கு மாபாடியம் செய்த மாதவச் சிவஞான முனிவர் பிறந்த மண் விக்கிரமசிங்கபுரம். அவர் வளர்த்த சைவ மரபில், குருவானவர் அருட்பார்வையால் மாணவனை உயர்த்துவதை நயன தீக்கை என்பர். அதற்குக் காட்டும் உவமை என்ன தெரியுமா? மீன்! பறவை தொட்டும், ஆமை நினைந்தும், மீன் நோக்கியும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் என்பது பழையோர் கூற்று.

விலங்கியல் இதை ஏற்காது. எனினும் இக்கூற்றின் அருகிலேயே ஓர் உண்மை இருக்கிறது. விரால் மீன் தன் குஞ்சுக் கூட்டத்தை விட்டகலாமல் காவல் நிற்கும். அருகில் எது வந்தாலும் பாய்ந்து தாக்கும். அந்தப் பாசமே அதற்கு எமனாகிறது. குஞ்சுகளின் நடுவே தூண்டிலை இட்டால் தாய் தந்தை விரால் எளிதில் அகப்படும். அவை அகப்பட்டுவிட்டால் அத்தனை குஞ்சும் அனாதை.

நீரடிக் காமிரா நமக்கு இதைக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் செங்குஞ்சுகள் மொய்க்கின்றன. கீழே விரால் காவல் நிற்கிறது. அப்போது நாம் தூண்டிலை இறக்குவோமா, காமிராவை மேலே தூக்குவோமா? கருவிக்கு இக்கேள்விக்கு விடை தெரியாது. விடை சொல்ல வேண்டியவன் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவன்.

அதற்கான விடை பாபநாசம் படித்துறையில் இருக்கிறது. அங்கே மீனைக் காணக் காமிரா வேண்டாம். படியில் நின்று ஒரு கைப்பிடி பொரியைத் தூவினால் போதும்; கூட்டம் கூட்டமாய் மேலே வரும். கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. எவரும் வலை வீசுவதில்லை. காண்பது வேறு, கொள்வது வேறு என்று அந்தப் படித்துறை நாள்தோறும் பாடம் நடத்துகிறது. அதே படித்துறையில், பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணிகளை ஆற்றில் விட்டுச் செல்லும் பழக்கமும் உள்ளதே என்பது வேதனை. மேலே பொரி, கீழே துணிக் குவியல்! மேலிருந்து பார்ப்பவருக்குப் பொரி தின்னும் மீன்தான் தெரிகிறது. அடியில் கிடப்பது தெரிவதில்லை.

நாம் செய்ய வேண்டுவது

இங்கேதான் காமிராவுக்கு வேலை இருக்கிறது. ஒன்றை வாங்கி அதை நம் விலங்கியல் துறை வைத்துக்கொள்ளட்டும். கோடையில் உரிய அனுமதி பெற்று, பாபநாசத்துக்குக் கீழே சில கசங்களில் இறக்கிப் பார்ப்போம். நம் நாட்டுக் கெண்டை எத்தனை, 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு இன்று குளந்தோறும் பெருகியுள்ள ஜிலேபிக் கெண்டை எத்தனை, 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் ஆற்றில் புகுந்துவிட்டதா என்று குறித்து வைப்போம். ஆண்டுதோறும் அதே கசத்தில் அதே மாதத்தில் பார்த்தால், பத்தாண்டில் எந்த அலுவலகத்திலும் இல்லாத ஓர் ஏடு நம் கல்லூரியில் இருக்கும். படித்துறை அடியில் கிடக்கும் துணியையும் படமெடுத்துப் பரிகாரத்துக்கு வருபவருக்குக் காட்டுவோம். சொல்லித் திருந்தாதவர் கண்டாவது திருந்துவார்.

இரண்டு கட்டுகளை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். கசம் இருக்கும் இடத்தை ஊரறியப் பரப்பக் கூடாது. காமிரா இறங்கிய நீரில் அன்று தூண்டில் இறங்கக் கூடாது. பார்த்த கண்ணும் பிடித்த கையும் ஒருவருடையதாக இருக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

மேலே களக்காடு – முண்டந்துறைக் காடுகளில் புலிக்குக் காப்பகம் உண்டு. கீழே மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைக்கும் பூங்கா உண்டு. இடையே ஓடும் ஆற்றில், நம் பெயரறிந்த, நம் குழம்பில் கொதித்த, நம் குழந்தைகள் பொரி போட்டு மகிழ்ந்த மீனுக்குக் காவல் யார்?

மாணவ நண்பர்களே! அறிவியல் நமக்குப் புதிய கண்களைத் தந்துகொண்டே இருக்கும். அவற்றை வேண்டாம் என்று ஒதுக்குவது பேதைமை. கிடைத்ததே என்று எங்கும் திறந்து வைப்பதும் பேதைமையே. கருவி செய்பவர் கண்ணைச் செய்து தருவார். இமையைச் செய்ய வேண்டியவர் நாம். வருகிற சித்திரையில் ஆறு மெலிந்து கசம் தெளியும்போது, அதனுள் இறங்கும் முதல் காமிரா எண்ணுவதற்கு இறங்கட்டும்.